சாம்பிள் உருண்டை

என் மாமனார் இப்போது இல்லை. இருந்திருந்தால், அவரைப் பற்றி நான் எழுத உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "மொத்தத்தையும் எழுதிடாதீங்க மாப்ள. மொதல்ல ஒரு பத்தி எழுதுங்க. எப்புடி வருதுன்னு பாத்துட்டு அப்பறம் மேல போவலாம்" என்று கட்டாயம் சொல்லியிருப்பார். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பத்தி எழுதிக் காட்டியிருப்பேன். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்துவிட்டு, "இன்னொரு சாம்பிள் எழுதிப் பாத்துருவமே" என்றிருப்பார். ஆகையால் அவர் குறுக்கே வர முடியாத இந்த நேரத்தில் முழுசாகவே எழுதிவிடுகிறேன்.

சாம்பிள் பார்க்காமல் அவர் எதையும் செய்ததில்லை. முடிவெட்டக் கடைக்குப் போனால், ஒரு காதுக்கு மேல் மட்டும் வெட்டச் சொல்வார். பிறகு எழுந்து, கழுத்தில் துணியோடு ரோட்டுக்கு வந்து, வெயிலில் கைக்கண்ணாடியைப் பிடித்துப் பார்ப்பார். திருப்தியானால்தான் மற்ற பக்கம். அதற்குள் கடைக்காரர் இன்னொருவருக்குச் சவரம் ஆரம்பித்துவிடுவார். இவரோ ஒரு பக்கம் ஒட்ட வெட்டியும் மறுபக்கம் புதராகவும் எதிர் டீக்கடையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். செருப்பு வாங்கினால் இடது காலுக்கு மட்டும் புதுசைப் போட்டுக்கொண்டு கடைத்தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவார். கடைக்காரப் பையன் வலது செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடுவான், ஆள் அப்படியே போய்விடுவாரோ என்று.

வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து பெயின்ட் பூச வேண்டும் என்று முடிவு செய்தாராம். எந்தக் கலர் என்பதற்கு வெளிச்சுவரில் கட்டம் கட்டமாகச் சாம்பிள் பூசினார். பச்சையில் நாலு விதம், மஞ்சளில் நாலு விதம், ரோஸ் வேறு. மழையில் எப்படி நிற்கிறது என்று பார்க்க வேண்டும் என்றார். மழை பெய்தது. வெயிலில் எப்படி நிற்கிறது என்று பார்க்க வேண்டும் என்றார். விருத்தாசலத்தில் வெயிலுக்கா பஞ்சம்? அதுவும் அடித்தது. நான் முதன்முதலில் அந்த வீட்டைத் தேடிப் போனபோது, ஜங்ஷனில் ஆட்டோக்காரரிடம் தெருப் பேரைச் சொன்னேன். "கட்டம் போட்ட வூடுங்களா? ஏறுங்க" என்றார்.

புதுமனை புகுவிழாவுக்கு முதல் நாளே, அடுப்பு சரியாக எரிகிறதா என்று ஒரு சொம்பு பாலைக் காய்ச்சிச் சாம்பிள் பார்த்திருக்கிறார். அது அழகாகப் பொங்கி வழிந்திருக்கிறது. மறுநாள் ஐயர் வந்து அடுப்படியில் பால் கறையைப் பார்த்துவிட்டு, "நேத்தே பொங்கிடுத்துன்னா இன்னைக்கு என்னை எதுக்கு வரச் சொன்னேள்?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாராம். என் மாமியார்தான் பின்னால் ஓடி, கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டி வந்திருக்கிறார்.

இந்தப் பழக்கம் அவருக்குத் தொழிலில் வந்தது. கரண்டுக் கம்பத்தில் வைக்கிற பீங்கான்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் சூளைக்குப் பொறுப்பாளராக இருந்தார். புது மண் வந்தால், புதுப் பூச்சு கலந்தால், ஒன்றைச் சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் மற்றதை அடுக்க வேண்டும். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாரோ அவசரப்பட்டுச் சாம்பிள் பார்க்காமல் சூளை முழுக்க அடுக்கிச் சுட்டு, கதவைத் திறந்தால் அத்தனையும் கீறல். அதைப் பார்த்த பயம் அவரை விட்டுப் போகவில்லை. சூளையோடு நின்றிருந்தால் நல்லது. அது தலைமுடிக்கும் செருப்புக்கும் ஏறியதுதான் வினை.

அந்தக் கம்பெனியில் ஜெர்மனியிலிருந்து புதுச் சூளை ஒன்று வாங்கினார்கள். அதை ஓட்டக் கற்றுக்கொள்ள இவரை அங்கே சில மாதம் அனுப்பினார்கள். அங்கே ஒரு வயதான அம்மாள் வீட்டு மாடியில் தங்கல். அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை என்றால் உருளைக்கிழங்கு உருண்டைதான். அதற்கு அவர்கள் பாஷையில் ஒரு பெயர் உண்டு. என் மாமனார் அதைச் சொல்லும்போது எதிரில் இருப்பவர் மேல் எச்சில் தெறிக்கும் என்பதால் வீட்டில் எல்லாரும் உருண்டை என்றே வைத்துக்கொண்டோம். நம் கொழுக்கட்டை மாதிரிதான், ஆனால் கிரிக்கெட் பந்து அளவுக்கு இருக்கும்.

அந்த அம்மாள் முதல் ஞாயிற்றுக்கிழமை உருண்டைகளைப் பிடித்துத் தட்டில் வரிசையாக வைத்துவிட்டு, ஒரே ஒரு உருண்டையை மட்டும் தண்ணீரில் போட்டாராம். இவர் ஏன் என்று சைகையில் கேட்க, இது கரையாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றதைப் போடுவோம் என்று அந்த அம்மாளும் சைகையில் சொன்னாராம். என் மாமனாருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் மிகைப்படுத்தவில்லை, அவரே சொன்னார். "ஊருல அத்தன பேரும் என்னைய பைத்தியம்னாங்க தம்பி. அங்க போயி பாத்தா ஒரு நாடே சாம்பிள் பாக்குது!"

ஜெர்மனிக்குப் போய்வந்தவர் எதைக் கொண்டுவருவார்? வாட்ச், சென்ட், சாக்லேட். இவர் கொண்டுவந்தது அந்த அம்மாள் கொடுத்த இரண்டு நீள முள்கரண்டிகள். சாக்லேட்டும் ஒரு பொட்டலம் இருந்தது, அதிலும் ஒன்றைப் பிரித்துச் சாம்பிள் பார்த்திருந்தார்.

அந்த உருண்டை செய்வது லேசுப்பட்ட வேலை இல்லை. கிழங்கில் முக்கால்வாசியைப் பச்சையாகத் துருவ வேண்டும். மிச்சத்தை வேகவைத்துக் கூழாக்கிக் கொதிக்கக் கொதிக்க அதன்மேல் ஊற்றிப் பிசைய வேண்டும். பச்சைத் துருவலில் ஒரு சொட்டு ஈரம் நின்றாலும், போடுகிற தண்ணீர் தளதளவென்று கொதித்தாலும் உருண்டை கரையும். ஜெர்மனியில் அதற்கு ஒரு பிழியும் மிஷின் உண்டாம். நம் ஆள் பீங்கான் ஊர்க்காரர் அல்லவா, பொம்மை அச்சு செய்கிற பிளாஸ்டரில் பலகை ஒன்றைப் புதுசாகச் செய்துகொண்டார். துருவலைத் துணியில் கட்டி முதலில் ஒரு பக்கெட்டில் பிழிவார். பிறகு அந்த மூட்டையைப் பலகை மேல் வைத்தால், மண்ணிலிருந்து ஈரத்தை இழுப்பது போலக் கிழங்கிலிருந்தும் இழுத்துவிடும். பக்கெட்டில் பிழிந்த தண்ணீர் தெளிந்ததும் அடியில் வெள்ளையாக மாவு தங்கும். அதையும் எடுத்துச் சேர்த்து, நடுவில் வறுத்த ரொட்டித் துண்டு ஒன்றை வைத்து உருட்ட வேண்டும்.

அந்த வெள்ளை மாவால் ஒரு கலாட்டா நடந்தது. பக்கத்து வீட்டில் என் மாமியாரின் தம்பி பொம்மை வார்க்கும் தொழில் செய்தார். ஒரு நாள் அவர் வந்து கொல்லையில் பார்க்கிறார், பக்கெட்டில் வெள்ளையாக ஏதோ தங்கியிருக்கிறது. இந்த ஊரில் பக்கெட்டில் வெள்ளையாக எது இருந்தாலும் அது மண்தான். அக்கா வீட்டு மண்தானே என்று எடுத்துப்போய் வாத்து அச்சில் ஊற்றிவிட்டார். வாத்தும் ஒழுங்காக வந்தது. மற்ற வாத்துகளோடு சூளைக்குப் போனது. மறுநாள் கதவைத் திறந்தால் வரிசையில் ஒரு வாத்தைக் காணோம். அது நின்ற இடத்தில் கொஞ்சம் கரி மட்டும் இருந்தது.

பூட்டிய சூளைக்குள் இருந்து எவன் வாத்தைத் திருடுவான்? தம்பிக்காரர் வேலையாட்களிடம் சத்தம் போட்டார். குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டார். விஷயம் என் மாமனார் காதுக்கு வந்தது. அவர் ஓடிப்போய் பக்கெட்டைப் பார்த்துவிட்டு, "அடப்பாவி மச்சான், என் ஞாயித்துக்கிழமைய வாத்தா ஊத்திட்டியே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அதோடு விட்டாரா? "ஒண்ண மட்டும் மொதல்ல சுட்டுப் பாத்துருந்தா தெரிஞ்சிருக்கும்ல?" என்று அதையும் சாம்பிள் பாடமாக்கிவிட்டார்.

இவ்வளவும் கல்யாணத்துக்கு முன்னால் எனக்குத் தெரியாது. நான் திட்டக்குடிக்காரன். விருத்தாசலத்தில் ஒரு பைக் ஷோரூமில் வேலை, தினமும் பஸ்ஸில் வந்து போவேன். அவர் மகள் தேன்மொழி ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அப்பா அம்மாவோடு பெண் பார்க்கப் போனோம். தேன்மொழி காபி கொண்டுவந்து என்னிடம் நீட்டும்போது குனிந்து, என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "உங்க டம்ளர்ல மட்டும் கொஞ்சம் கொறச்சலா இருக்கும். அப்பா சாம்பிள் பாத்துட்டாரு" என்றாள். முகத்தில் சிரிப்பே இல்லை. எனக்கு அந்த நிமிஷமே அவளைப் பிடித்துப்போய்விட்டது. கட்டினால் இவளைத்தான் என்று அந்த அரை டம்ளர் காபியைக் குடித்து முடிப்பதற்குள் தீர்மானித்துவிட்டேன்.

ஆனால் அவர் அல்லவா தீர்மானிக்க வேண்டும்? எனக்கு முன்னால் நிறைய வரன்கள் வந்திருக்கின்றன. யாரையும் அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுதான் கொடுமை. "இன்னும் கொஞ்சம் பாப்போம்" என்பார். அவர்கள் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய் வேறு இடத்தில் கட்டிக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் வீட்டிலிருந்து குழந்தைக்குக் காதுகுத்துப் பத்திரிகை வந்தபோதும், "இந்தப் பையன இன்னும் கொஞ்சம் பாத்துருக்கலாம்" என்றாராம். அதைக் கேட்டுத் தேன்மொழி ஒரு நாள் முழுக்க அவரோடு பேசவில்லை. நான் வந்துபோன அன்று அப்பாவிடம், "இவருதான் கடசி. இவரையும் இழுத்தடிச்சீங்கன்னா இனிமே நான் எவனுக்கும் காபி தூக்கிட்டு வர மாட்டேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

ஒரு வாரம் கழித்து அவர் என் ஷோரூமுக்கு வந்தார். வண்டிகளை எல்லாம் தட்டிப் பார்த்தார்.

"டெஸ்ட் டிரைவ் குடுக்குறீங்க இல்ல தம்பி?"

"குடுக்குறோம் சார்."

"ஓட்டிப் பாத்து புடிக்கலன்னா?"

"வுட்டுட்டுப் போயிடலாம் சார்."

அவர் பெருமூச்சு விட்டார். "பொண்ணக் கட்டிக் குடுக்குறதுல மட்டும் அந்த வசதி இல்லையே தம்பி. எனக்கு ஒரே பொண்ணு. சுட்டப்பறம் கீறல் வுட்டா ஒண்ணும் பண்ண முடியாது." எனக்கு எரிச்சல்தான் வந்திருக்க வேண்டும்; ஏனோ பாவமாக இருந்தது. கிளம்பும்போது, "ஞாயித்துக்கிழம வூட்டுக்கு வாங்க, சாப்புடலாம்" என்றார்.

போனேன். சமையலறையில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் நின்றிருந்தார். அடுப்பில் பெரிய பாத்திரத்தில் தண்ணீர். தட்டில் உருண்டைகள். பக்கத்து அடுப்பில் மாமியார் மட்டன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தார். ஜெர்மனியில் வறுத்த கறியும் அதன் சாறும் ஊதா முட்டைக்கோஸும் வைப்பார்களாம். இங்கே மட்டன் குழம்பும் பீட்ரூட் பொரியலும். இட்லிப் பானையில் இட்லிக்குப் பதில் பீங்கான் தட்டுகள் வெந்துகொண்டிருந்தன. தட்டு சூடாக இருக்க வேண்டுமாம். "தட்டு ஜில்லுன்னு இருந்தா குழம்பு ஒறைஞ்சிரும் தம்பி, உருண்ட கோவிச்சுக்கும்" என்றார். "இட்லிப் பானைய எடுத்துக்கிட்டாரு, நாளைக்கி காலைல அந்தத் தட்டத்தான் தின்னணும்" என்று மாமியார் முணுமுணுத்தார்.

மாமனார் ஒரு உருண்டையைத் தண்ணீரில் விட்டார். எல்லாரும் பாத்திரத்தையே பார்த்தோம். அது மெல்ல ஒரு பக்கமாக உடைந்து, நாலு பக்கமும் கரைந்து, நடுவில் இருந்த ரொட்டித் துண்டு மட்டும் தனியாக மேலே மிதந்தது.

"கரைஞ்சிருச்சு. அடுத்த வாரம் பாப்போம்" என்றார்.

உருண்டையைச் சொல்கிறாரா, என்னைச் சொல்கிறாரா என்று புரியவில்லை. வாசலில் செருப்பு போடும்போது தேன்மொழியிடம் கேட்டேன்.

"ரெண்டும் ஒண்ணுதாங்க" என்றாள். "உருண்ட ஒழுங்கா வர்ற அன்னைக்கி மொத்த ஈட்டையும் போட்டு, உங்க வூட்டு ஆளுங்களுக்குப் பந்தி வெச்சி, பேச்ச முடிச்சிருவேன்னு சொல்லிருக்காரு. சாம்பிள் சரியா வர்ற வரைக்கும் கையெழுத்து கெடையாது."

ஆக என் கல்யாணம் உருளைக்கிழங்கு கையில் போய்விட்டது. அடுத்த ஞாயிறு ஊட்டிக் கிழங்கு, கரைந்தது. அதற்கடுத்த ஞாயிறு ஆக்ரா கிழங்கு, அதுவும் கரைந்தது. பழைய கிழங்குதான் சரி என்று மங்கலம்பேட்டைக் கடை ஒன்றில் முளைவிட்ட மூட்டையைத் தேடிப் பிடித்து வந்தார். அது உள்ளே அழுகல். கரைந்ததும் மிச்ச மாவில் மாமியார் வெங்காயம் பச்சைமிளகாய் போட்டு அடை தட்டிவிடுவார். அடை அருமையாக இருக்கும். தேன்மொழி பக்கத்தில் நின்று பரிமாறுவாள். உண்மையைச் சொன்னால் அந்த ஞாயிறுகளை நான் வெறுக்கவில்லை. ஆனால் வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்பாள், "என்னாடா சொன்னாங்க?" என்று. "கரைஞ்சிருச்சும்மா" என்று எப்படிச் சொல்வது?

ஒரு ஞாயிறு உருண்டை கரையவில்லை. தண்ணீரில் அடியில் கிடந்து, மெதுவாக எழும்பி, மேலே வந்து வழவழவென்று மிதந்தது. மாமியார் சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். மாமனார் சூடான தட்டில் உருண்டையை வைத்து, பக்கத்தில் குழம்பு ஊற்றி, என் கையில் அந்த இரண்டு முள்கரண்டிகளைக் கொடுத்தார். நான் ஒன்றின் ஓரத்தால் உருண்டையை வெட்டப் போனேன்.

"ஐயையோ, வெட்டாதீங்க!" என்று கத்தினார். தேன்மொழி கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. "வெட்டுனா மொழுமொழுன்னு ஆயிடும் தம்பி. குழம்பு வழுக்கிக்கிட்டு ஓடிரும். ரெண்டு முள்ளையும் நடுவுல குத்தி இப்புடிப் பிய்க்கணும். பிய்ச்ச எடம் சொரசொரன்னு இருந்தாத்தான் குழம்ப உறிஞ்சும். நம்ம பீங்கானும் ஒரு வாட்டி சுட்டப்பறம் பூச்ச உறிஞ்சுது பாருங்க, அதே கணக்குதான்."

பிய்த்தேன். ஆவி வந்தது. நெய்யில் வறுத்த ரொட்டித் துண்டு உள்ளே மொறுமொறுவென்று இருந்தது. குழம்பு ஊறிய கிழங்கு நாக்கில் கரைந்தது. சும்மா சொல்லக் கூடாது, பிரமாதம். இத்தனை வாரம் இதற்காகவா அலைந்தோம், அலையலாம் தப்பில்லை என்று இருந்தது.

அவர் ஒரு விள்ளலை வாயில் போட்டுக் கண்ணை மூடி மென்றார். "நல்லா வந்துருக்குது" என்றார். நான் தேன்மொழியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அவர் கண்ணைத் திறந்தார்.

"ஆனா இது தற்செயலா வந்துச்சா, நெசமாவே வந்துச்சான்னு தெரியலையே. இன்னொரு சாம்பிள் போட்டுப் பாத்துருவோம்."

இன்னொன்று போட்டார். அதுவும் நன்றாக வந்தது. ரெண்டு வந்துவிட்டது, மூன்றாவதும் வந்தால்தான் நம்பலாம் என்றார். அதையும் போட்டார். இப்படியே ஒவ்வொன்றாகப் போட்டு, ஒவ்வொன்றாகப் பிய்த்து, தட்டிலிருந்த அத்தனை உருண்டையும் சாம்பிளாகவே தீர்ந்துபோனது. காலித் தட்டைப் பார்த்து அவருக்கே திகைப்பாக இருந்தது. "இப்ப மொத்தமாப் போடலாம்னு பாத்தா மாவு இல்லையே" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த முள்கரண்டியை எங்காவது குத்தியிருப்பேன். வயிறு முட்ட இருந்ததால் எழுந்திருக்க முடியவில்லை.

வீட்டில் அம்மா பொறுமையிழந்தாள். "அந்தாளு பொண்ணு குடுக்கறாரா, ஓட்டல் வெக்கறாரா? நெய்வேலில ஒரு வூட்ல கேட்டு வுட்டுருக்காங்க. இந்த ஞாயித்துக்கிழம நானும் உங்கப்பாவும் வரோம். அங்க பதில் வரலன்னா நேரா நெய்வேலிக்குப் பஸ்ஸு ஏறிடுவோம்." அம்மா சொன்னால் செய்கிறவள். நான் தேன்மொழிக்குப் போன் செய்து சொன்னேன். "வரச் சொல்லுங்க" என்றாள். அன்று இரண்டு பேருமே பயந்துபோயிருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். தட்டில் உருண்டைகள் தயார். தண்ணீர் அடுப்பில். அம்மா காபியைத் தொடாமல் நேராகச் சமையலறை வாசலில் போய் நின்றாள்.

"இன்னைக்கி ஒரு பதில் சொல்லிடுங்க. எங்களுக்கும் வேற எடத்துல கேக்கறாங்க."

"சொல்லிடுவோம்மா" என்றார் மாமனார். கையில் ஒரு உருண்டை இருந்தது. "ஒண்ணே ஒண்ணு சாம்பிள் போட்டுப் பாத்துட்டு..."

"அப்பா!" என்றாள் தேன்மொழி. அவள் முகம் சிவந்திருந்தது. "அம்மாவக் கட்டறப்ப என்னா சாம்பிள் பாத்தீங்க?"

குழம்பைக் கிளறிக்கொண்டிருந்த மாமியார்தான் திரும்பாமலே சொன்னார். "பொண்ணு பாக்க வந்தப்ப எனக்கு ஜொரம். ரூமுக்குள்ள படுத்துக் கெடந்தேன். எட்டிக்கூடப் பாக்கல. இவங்கப்பா பேசி முடிச்சிட்டுப் போயிட்டாரு. மணவறைல வந்து ஒக்காந்தப்பதான் என் மூஞ்சியவே பாத்தாரு."

எனக்கு வாய் பிளந்துவிட்டது. இடது செருப்போடு கடைத்தெரு சுற்றிய மனுஷனா இது? தேன்மொழிக்கும் அது புதுச் செய்தி போலத்தான் இருந்தது, அப்பாவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

என் அம்மா விடுவாளா? கறாராகவே கேட்டாள். "அப்ப எப்புடிங்க வந்துருக்குது?"

மாமியாரின் கை நின்றது. இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை யாரும் அவர் எதிரில் கேட்டதில்லை போலும். மாமனார் கையில் உருண்டையோடு அப்படியே நின்றார். மனைவியின் முதுகைப் பார்த்தார். நல்லா இருக்கிறது என்று சட்டெனச் சொல்லிவிட அவருக்குத் தெரியாது, அவர் யோசித்தார். எங்களை எல்லாம் நிற்கவைத்துக்கொண்டு நிஜமாகவே யோசித்தார். பின்னால் தண்ணீர் தளதளவென்று கொதிக்க ஆரம்பித்துவிட்டது. அதை யாரும் கவனிக்கவில்லை.

"ஒரு கீறல் இல்லீங்க" என்றார்.

மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "மொளகா நெடி" என்றார். அடுப்பில் மிளகாய் எதுவும் இல்லை.

பிறகு நடந்ததை நான் பார்க்காவிட்டால் நம்பியிருக்க மாட்டேன். கையிலிருந்த உருண்டையைத் தட்டில் மற்றதோடு வைத்தார். தட்டை இரண்டு கையாலும் தூக்கினார். "அப்பா, சாம்பிளு..." என்று தேன்மொழியே பதறிப்போய்ச் சொன்னாள். அவர் கேட்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, அத்தனை உருண்டையையும் மொத்தமாகப் பாத்திரத்தில் சரித்துவிட்டார். கொதித்த தண்ணீர் அவர் லுங்கியில் தெறித்தது.

எல்லாரும் பாத்திரத்தைச் சுற்றி நின்றோம். முதலில் எல்லாம் அடியில் கிடந்தன. பிறகு ஒன்று பிளந்தது. அடுத்தது பிளந்தது. அது இதோடு முட்டி, இது அதோடு முட்டி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மொத்தமும் கரைந்து வெள்ளைக் கஞ்சியாகிவிட்டது. ரொட்டித் துண்டுகள் மேலே அங்கங்கே மிதந்தன. நெய்வேலி பஸ்ஸு ஹாரன் அடிப்பது காதில் கேட்டது. தேன்மொழி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதை அவளும் கவனிக்கவில்லை, நானும் விடுவித்துக்கொள்ளவில்லை.

அவர் கண்ணைத் திறந்து பாத்திரத்தைப் பார்த்தார். எங்கள் பக்கம் திரும்பினார்.

"கரைஞ்சிருச்சு" என்றார். முகத்தில் வருத்தம் வரும் என்று பார்த்தால், அவருக்குச் சிரிப்பு வந்தது. முதலில் தோள் குலுங்கியது. அப்புறம் அடக்க முடியாமல் சிரித்தார். "மொத்தமும் கரைஞ்சிருச்சு! அதுக்கு இப்ப என்னா பண்றது? கிண்ணத்துல ஊத்திக் குடிப்போம்." என் அப்பாவைப் பார்த்து, "தை மாசம் வெச்சுக்கலாங்களா சம்பந்தி?" என்றார்.

அப்பா அவசரமாகத் தலையாட்டினார். தேன்மொழி கொல்லைப் பக்கம் ஓடிவிட்டாள். மாமியார் அலமாரியிலிருந்து கிண்ணங்களை எடுத்து வைக்க, மாமனார் கரண்டியால் எல்லாருக்கும் சரிசமமாக ஊற்றினார். மேலே மட்டன் குழம்பு ஒரு கரண்டி, பீட்ரூட் ஓரத்தில். முள்கரண்டிகளுக்கு அன்று வேலையில்லை. முதல் கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டு, நான் குடிப்பதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒரு வாய் குடித்தேன். தண்ணீருக்கு உப்பு எவ்வளவு என்பதை அவர் எப்போதும் சாம்பிளைத் தின்று பார்த்துத்தான் முடிவு செய்வாராம். அன்று அது நடக்கவில்லை. கஞ்சியில் சுத்தமாக உப்பே இல்லை. என் அம்மா தன் கிண்ணத்தில் வாய் வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நல்லா இருக்குது மாமா" என்றேன், கொல்லை வரைக்கும் கேட்கிற மாதிரி.